‘என் காட்டுல நான் எரிக்கறேன்!’ - ஊத்துக்குளிப் புகைக்கு யார் பதில் சொல்வது?

திருப்பூரிலிருந்து கிழக்கே, ஊத்துக்குளி ரோட்டில் பொழுது சாய்ந்த பிறகு தினமும் பைக்கில் வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சில வளைவுகள் வந்தால் தானாகவே மூச்சை அடக்கிக்கொள்வார்கள். ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு குவியல் கிடக்கும். தீ பெரிதாகத் தெரியாது. அடியில் கனன்றுகொண்டிருக்கும், மேலே கெட்டியான வெள்ளைப் புகை மட்டும் எழும்பி, உயரே போக மனமில்லாமல் ரோட்டின் மேலேயே படுத்துக்கொள்ளும்.

இது பனியன் ஊர். புகையை மோந்து பார்த்தே என்ன எரிகிறது என்று சொல்லிவிடக்கூடியவர்கள் இங்கே நிறையப் பேர். துணி வாங்கும்போது நூலை உருவி, தீக்குச்சியில் கொளுத்தி, மோந்து பார்த்துத் தரம் சொல்வது தொழிலில் பழைய வழக்கம். பருத்தி என்றால் காகிதம் கருகும் வாசம் வரும், கையில் பொடிச் சாம்பல் நிற்கும். பாலியஸ்டர் என்றால் லேசான இனிப்பு வாசம். உருகி, கருப்பு முத்தாக இறுகிவிடும். எலாஸ்டிக்கும் ‘ரப்பர் பிரிண்ட்’ போட்ட துண்டுகளும் சேர்ந்து எரிந்தால் வாசம் பார்க்க நேரமே இருக்காது, அதற்கு முன்பே கண் எரிய ஆரம்பித்துவிடும்.

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி சுமார் 15 கிலோமீட்டர். ஈரோடு - கோவை ரயில் பாதையில் போகிறவர்களுக்கு ‘ஊத்துக்குளி’ என்ற மஞ்சள் பலகை பழக்கமானதுதான். ஆனால், ரயில் நிலையம் இருக்கும் பகுதி வேறு, ஊர் வேறு. ஸ்டேஷனைச் சுற்றி வளர்ந்த பகுதியை எல்லோரும் ‘ஊத்துக்குளி ஆர்.எஸ்.’ என்பார்கள். பஸ் கண்டக்டரிடம் வெறுமனே ‘ஊத்துக்குளி’ என்று டிக்கெட் கேட்டால், “டவுனுங்களா, ஆர்.எஸ்.ஸுங்களா?” என்று திருப்பிக் கேட்பார். வெளியூர்க்காரர்கள் தடுமாறும் இடம் இது.

ஊரின் அடையாளம் கதித்தமலை. மேலே வெற்றி வேலாயுதசாமி கோயில். அகத்தியருக்குத் தாகம் எடுத்தபோது முருகன் வேலால் குத்தி ஊற்று வரவழைத்தார், அந்த ‘ஊற்றுக்குழி’தான் பேச்சு வழக்கில் ஊத்துக்குளி ஆனது என்பது தலபுராணம். மலை ஏறி நின்று பார்த்தால் ஊரின் கதை மொத்தமும் கீழே விரிந்து கிடக்கும். ஒரு பக்கம் மானாவாரிக் காடுகள், கிளுவை வேலிகள், தென்னந்தோப்புகள். இன்னொரு பக்கம் ஷீட் போட்ட பனியன் கம்பெனிகள், அவற்றின் பின்புறம் வரிசையாக லைன் வீடுகள். இரண்டுக்கும் நடுவே, சாயங்கால நேரமானால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புகைத் தூண்கள். எண்ணிப் பார்க்கலாம். மார்கழி, தை மாதங்களில் எண்ண முடியாது. எல்லாம் ஒன்றாகக் கலந்து, மரங்களின் கழுத்தளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு படுக்கை விரித்ததுபோல் நிற்கும்.

அதற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே தங்கும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று ஒரு மூடி மாதிரி அமர்ந்துகொள்ளும். பகலில் எரித்தால் கொஞ்சமாவது மேலே போகிற புகை, ராத்திரியில் எரித்தால் போக வழியின்றி வீட்டு ஜன்னலைத் தேடி வரும். ‘யாரும் பார்க்க மாட்டார்கள்’ என்று ராத்திரி எரிக்கிறவர்கள், எரிக்கக் கூடாத நேரமாகப் பார்த்துத்தான் எரிக்கிறார்கள்.

நெய் உருக்கும் ஊர்

ஊத்துக்குளிக்காரர்களுக்குத் தீ புதிதல்ல. இந்த ஊர் பேரைச் சொன்னதும் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது வெண்ணெய். மேய்ச்சல் நிலத்துப் புல்லும், எருமைப் பாலும், வறண்ட வெயிலும் சேர்ந்து கொடுத்த பெயர் அது. எருமைகள் முன்னைப்போல இல்லை; பசும்பாலும், டெய்ரிகளும், பாக்கெட்டும் வந்துவிட்டன. இருந்தாலும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ‘ஊத்துக்குளி வெண்ணெய்’ போர்டுகளுக்குக் குறைவில்லை. முருங்கைக்கீரையைக் கிள்ளிப் போட்டு வெண்ணெய் உருக்கும்போது தெருவே மணக்கும். விறகு அடுப்பில் மிதமான தீயில் பொறுமையாகக் காய்ச்சினால்தான் நெய் மணல்மணலாக உறையும் என்பது இங்கே பாட்டிமார் கைப்பக்குவம்.

கொங்கு நாட்டில் தீ சாமியும்கூட. பக்கத்துப் பெருமாநல்லூரில் கொண்டத்துக்காளியம்மன் கோயில் குண்டம் இறங்குவதைப் பார்க்க ஊரே திரளும். அந்தத் தீக்கு நேரம், இடம், காவல் எல்லாம் உண்டு. எந்த மரத்து விறகு, யார் அடுக்குவது, யார் முதலில் இறங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் முறை வைத்திருக்கிறார்கள். தீயணைப்பு வண்டி பக்கத்திலேயே நிற்கும். ஆயிரக்கணக்கான பேர் கூடும் இடத்தில் ஒரு தீ இவ்வளவு ஒழுங்காக நடக்கும்போது, யாருமே இல்லாத ரோட்டோரத் தீ ஏன் இவ்வளவு தறிகெட்டுப் போகிறது?

குப்பைத் தீக்கு ‘முதல் மரியாதை’ வாங்க யாரும் முன்வர மாட்டார்கள் என்பதுதான் முதல் சிக்கல்.

எது விலை போகும், எது போகாது

பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளைச் சுற்றி விழுகிற துண்டுகளைக் குப்பை என்று சொன்னால் தொழில் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அதற்குப் பெயர் ‘கட்டிங் வேஸ்ட்’. அதற்கென்று வியாபாரிகள், குடோன்கள், எடைத் தராசுகள் உண்டு. பெண்கள் உட்கார்ந்து கலர் கலராகப் பிரிப்பார்கள். வெள்ளைப் பருத்திக்கு நல்ல விலை. கலர் துண்டுகள் பஞ்சாக்கப்பட்டு ‘ஓ.இ.’ மில்களில் மறுபடி நூலாகும். போர்வையாக, மிதியடியாகத் திரும்பி வரும். கொஞ்சம் பெரிய துண்டுகள் மெஷின் துடைக்கும் துணியாக ஒர்க்‌ஷாப்களுக்குப் போகும். ‘மறுசுழற்சி’ என்ற வார்த்தை பள்ளிப் பாடத்தில் வருவதற்கு வெகுமுன்பே திருப்பூர் அதைச் செய்து காசு பார்த்துவிட்டது.

அப்படியானால் எரிவது எது?

யாரும் வாங்காதது. லைக்ரா கலந்த துண்டு பஞ்சாக்கும் மெஷினில் இழுபடும், சிக்கும். எலாஸ்டிக் துணுக்கு, தையல் நூல் சிக்கல், லேபிள், ஸ்டிக்கர், அழுக்கான பாலித்தீன் கவர், பிரிண்டிங்கில் கெட்டுப்போன பீஸ் என இவற்றை எடுத்துக்கொள்ளக் கடைசி வியாபாரியும் யோசிப்பார். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வெளிநாட்டு பையர் ஆடிட் வரும், கழிவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பத்து பவர்டேபிள் போட்டு ஜாப் ஒர்க் ஓட்டும் சின்ன யூனிட்டில் அந்தக் கணக்கைக் கேட்க ஆள் இல்லை. வாரக் கடைசியில் இரண்டு சாக்கு சேரும். ஆர்டரை டெலிவரி கொடுக்கிற அவசரத்தில் அந்த இரண்டு சாக்கைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்? பின்னால் காலி இடம் இருக்கிறது, கையில் தீப்பெட்டி இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ‘ரப்பர் பிரிண்ட்’. டி-ஷர்ட்டில் தடிமனாக, தொட்டால் வழவழவென்று இருக்கும் படங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிசால் மையில் அச்சடிக்கப்பட்டவை. பிளாஸ்டிசால் என்பது பி.வி.சி. கலந்த மை, அதாவது அதில் குளோரின் இருக்கிறது. குளோரின் உள்ள பொருளைக் குறைந்த சூட்டில், காற்று சரியாகக் கிடைக்காமல் புகைய விட்டால் டையாக்சின் என்கிற நச்சுகள் உருவாக வழி ஏற்படும். இவை கொழுப்பில் கரைபவை, சீக்கிரம் அழியாதவை. புகையில் எழுந்து, புல்லில் படிந்து, அதை மேயும் மாட்டின் உடம்பில் சேர்ந்து, பால் கொழுப்பில் வந்து நிற்கக்கூடியவை. உலகம் முழுக்க டையாக்சின் கண்காணிப்பில் பாலும் வெண்ணெயும் முக்கியமான இடம் பிடிப்பது இதனால்தான். வெண்ணெய்க்குப் பேர்போன ஊர் தன் வேலியோரத்தில் பிரிண்ட் துண்டுகளை எரிப்பதில் உள்ள ஆபத்து புரிகிறதல்லவா!

முறையான எரிகலன்களில் 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வைத்து, புகையை வடிகட்டித்தான் வெளியே விடுகிறார்கள். ரோட்டோரக் குவியல் அந்தச் சூட்டைக் கனவில்கூடத் தொடாது.

சட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

“என்ற காட்டுல நான் எரிக்கறேன். இதுக்கு யாருகிட்டங்க கேக்கோணும்?”

கொங்குப் பக்கம் ‘காடு’ என்றால் வனம் இல்லை, சொந்த விளைநிலம். ஆகவே, அந்தக் கேள்வி உரிமைக் கேள்வி. கேட்பவர் நியாயமாகத்தான் கேட்கிறார். பதில்தான் கொஞ்சம் சுற்றி வளைத்து வரும்.

1981-ம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், 19-வது பிரிவில், எரிபொருள் அல்லாத எந்தப் பொருளையும் எரிப்பதைத் தடை செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் இன்னும் நேரடியாகப் பேசின. குப்பையை உருவாக்குகிறவர் அதைத் தெருவிலோ, தன் இடத்துக்கு வெளியே உள்ள பொது இடத்திலோ, சாக்கடையிலோ, நீர்நிலையிலோ கொட்டவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்றன. ‘தன் இடத்துக்கு வெளியே’ என்ற அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு, ‘உள்ளே எரித்தால் பரவாயில்லை போல’ என்று நினைத்தவர்கள் இருந்தார்கள்.

அந்த நினைப்புக்கு 2016 டிசம்பர் 22 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் முற்றுப்புள்ளி வைத்தது. அல்மித்ரா பட்டேல் என்பவர் தொடுத்த, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த குப்பை வழக்கில் வந்த உத்தரவு அது. குப்பைக் கிடங்கு உட்பட எந்த நிலத்திலும் திறந்தவெளியில் கழிவை எரிக்க நாடு முழுக்கத் தடை. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாய் இழப்பீடு. சொந்த இடம், பொது இடம் என்ற பேச்சுக்கே அதில் இடம் கொடுக்கவில்லை.

இவை தவிர போலீஸ் சட்டமும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-வது பிரிவின்படி, அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும் வகையில் அலட்சியமாகத் தீயைக் கையாண்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காற்றைக் கெடுத்து அக்கம்பக்கத்தாரின் உடல்நலத்துக்குத் தீங்கு செய்தால் 280-வது பிரிவில் 1,000 ரூபாய் வரை அபராதம்.

புத்தகத்தில் இவ்வளவு இருந்தும் தெருவில் ஏன் பலிக்கவில்லை? ஊத்துக்குளியின் வரைபடத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஊத்துக்குளி ஒரு பேரூராட்சி. 2016 விதிகள் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு என்று எழுதப்பட்டவை. எனவே பேரூராட்சி எல்லைக்குள் அவை பொருந்தின. ரயில்வே நிலமும் அதே விதிகளில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால், பேரூராட்சி எல்லையைத் தாண்டினால் கிராம ஊராட்சிகள். அங்கே ஊராட்சிச் சட்டம், ஒன்றிய அலுவலகம், குறைந்த சம்பளத்தில் தள்ளுவண்டி இழுக்கும் தூய்மைக் காவலர்கள். 2016 விதிகள் சாதாரணக் கிராமங்களை நேரடியாகத் தொடவே இல்லை. இன்னொரு முடிச்சும் உண்டு. அந்த விதிகளில் ‘திடக்கழிவு’ என்பதற்குக் கொடுத்த விளக்கத்தில் விவசாயக் கழிவு உள்ளே வந்தது, தொழிற்சாலைக் கழிவு வெளியே போனது. தொழிற்சாலைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

இப்போது ரோட்டோரத்தில் எரியும் அந்த இரண்டு சாக்கை நினைத்துப் பாருங்கள். கம்பெனியிலிருந்து வந்தால் வாரியம். லைன் வீட்டுக் குப்பையோடு கலந்திருந்தால் உள்ளாட்சி. ரோட்டோரம் என்பதால் நெடுஞ்சாலைத் துறை. காட்டுக்குள் தீ பரவினால் தீயணைப்பு நிலையம். புகார் கொடுக்கப் போனவர் நான்கு படிகள் ஏறி இறங்குவதற்குள் தீ தானாகவே அணைந்திருக்கும். சாம்பலுக்கு எந்தத் துறையில் மனு கொடுப்பது?

சாயத்தண்ணீர் கற்றுக்கொடுத்தது

இந்தப் பகுதிக்குச் சுற்றுச்சூழல் சட்டம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நொய்யலில் சாயத்தண்ணீர் ஓடிய கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இது. ஊத்துக்குளிக்குத் தென்கிழக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணை, கழிவுநீர்த் தேக்கமாக மாறியது. கீழே இருந்த கிணறுகள் உப்பாகின. விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகளில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத ‘பூஜ்யக் கழிவு’ முறைக்கு வந்தவர்கள் மட்டுமே திரும்பத் திறக்க முடிந்தது.

சாயத்தண்ணீரைப் பிடிக்க முடிந்ததற்கு ஒரு வசதி இருந்தது. அதற்குக் குழாய் உண்டு. குழாய் எந்தப் பட்டறையிலிருந்து வருகிறது என்று பின்னாலேயே நடந்து போய்ப் பார்த்துவிடலாம். கரன்ட்டைத் துண்டிக்க இ.பி. இணைப்பு எண் உண்டு. குப்பைத் தீயில் அப்படி எதுவும் இல்லை. சாக்கைப் போட்டவர் வேறு, தீ வைத்தவர் வேறு. சில நேரம் குளிருக்காக வைத்த சின்னத் தீயே குவியலுக்குத் தாவியிருக்கும். 25,000 ரூபாய் அபராதம் என்ற எண் பயமுறுத்துவதாக இருந்தாலும், ரசீதில் யார் பெயரை எழுதுவது என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது.

பெரிய கிடங்குகளிலேயே இதுதான் நிலைமை. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கு நாள் கணக்கில் எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் கிடங்கு எரிந்தபோது நகரமே புகையில் மூழ்கியது. பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அங்கே பெயர் எழுதக் குறைந்தபட்சம் ஒரு மாநகராட்சி இருந்தது.

ஓலை, சருகு, கொறங்காடு

பனியன் வேஸ்ட் மட்டும் குற்றவாளி இல்லை. தோப்பில் விழும் தென்னை மட்டையும் பாளையும் சேர்ந்து மலையாகக் குவியும். எரிக்கிற விவசாயி சொல்லும் காரணங்களை லேசாகத் தள்ளிவிட முடியாது. மட்டை கிடந்தால் கரையான் ஏறும். பாம்பு அடையும். மக்கிக் கிடக்கும் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அது குருத்தைக் குடைந்துவிடும். மட்டையைத் தூளாக்கும் இயந்திரம் இருக்கிறது. டிராக்டரோடு வாடகைக்கு எடுத்து, ஆளையும் போட்டால் செலவு கணிசம். தீக்குச்சி அப்படி இல்லை.

எதிர்ப்பக்க வாதமும் உண்டு. எரித்தால் சாம்பலில் கொஞ்சம் சாம்பல்சத்து மிஞ்சும். தழைச்சத்தும் மண்ணுக்குப் போக வேண்டிய கரிமச்சத்தும் ஆகாயத்துக்குப் போய்விடும். மழை குறைந்த இந்த மண்ணில் மட்டையைத் துண்டாக்கி மரத்தைச் சுற்றி மூடாக்காகப் போட்டால் ஈரம் காக்கும். தண்ணீர் பாய்ச்சும் இடைவெளி கூடும். போர்வெல்லை நம்பித் தென்னை வைத்திருப்பவருக்கு அது சின்ன லாபம் இல்லை. வடக்கே டெல்லியைச் சுற்றி வைக்கோல் எரிப்பதற்கு, நிலத்தின் அளவைப் பொறுத்து 2024 நவம்பரில் 5,000-லிருந்து 30,000 ரூபாய் வரை அபராதத்தை உயர்த்தினார்கள். கொங்குத் தென்னந்தோப்பை நோக்கி அப்படித் தனியாக யாரும் விரல் நீட்டவில்லை. நீட்டினாலும் அபராதப் புத்தகத்தைவிட வாடகை குறைந்த இயந்திரம்தான் இங்கே அதிகம் வேலை செய்யும்.

உண்மையில் பயப்பட வேண்டியது கோடைக்காலக் கொறங்காட்டுக்கு. ஊத்துக்குளியிலிருந்து தெற்கே காங்கயம், வெள்ளகோயில் வரை பார்க்கலாம். கிளுவை வேலி அடைத்து, உள்ளே வெள்வேல மரங்கள் நிற்க, தரையில் கொழுக்கட்டைப்புல் வளர விட்டிருக்கும் மேய்ச்சல் நிலங்கள் அவை. தலைமுறைகளாக ஆடு, மாடு, எருமைகளை வளர்த்தது இந்தப் புல்தான். மாசி பிறந்தால் புல் பொன்னிறமாகக் காய்ந்து நிற்கும். காய்ந்தாலும் அது தீவனம். அடுத்த மழை வரை மாட்டின் கையிருப்பு. ரோட்டோரக் குப்பைத் தீயிலிருந்து ஒரு பொறி கிளுவை வேலியைத் தாண்டினால் போதும், ஒரு மத்தியானத்தில் எல்லாம் கருகிவிடும். குப்பையை எரித்தவருக்கு நஷ்டம் ஏதும் இல்லை; மாட்டை விற்க வேண்டிய நிலைக்கு வருவது வேலிக்கு உள்ளே இருப்பவர்.

இப்படிப் புல் எரிவதைக் கண்டால் உடனே 101-க்கு அழைக்கலாம், 112-ம் வேலை செய்யும். எந்த ஊர், எந்தக் கோயில் அல்லது மில் பக்கம் என்று அடையாளம் சொல்வது முக்கியம். ‘ஊத்துக்குளி’ என்று மட்டும் சொன்னால், முன்பு சொன்ன டவுன் - ஆர்.எஸ். குழப்பம் இங்கேயும் வரும்!

குளத்துக்கு வரும் விருந்தாளிகள்

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளிக்கு வரும் வழியில், சர்க்கார் பெரியபாளையம் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் பலரும் கவனிக்காமலேயே கடந்துவிடுவார்கள். பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்ட்டில் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்த குளம் இது. ஒருபக்கம் பனியன் கம்பெனிகளின் சைரன் சத்தம், மறுபக்கம் கூழைக்கடா இறங்கும் தண்ணீர். விடியற்காலையில் வந்தால் கேமராவும் பைனாகுலரும் தூக்கிக்கொண்டு பறவை ஆர்வலர்களைப் பார்க்கலாம். குளிர்காலம்தான் வலசைப் பறவைகளின் சீசன். புகை தரையோடு தங்குவதும் அதே சீசன்தான்.

பறவைக்காக மனிதர்கள் தீயை விட்டுக்கொடுத்த ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. ஈரோடு மாவட்டம் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பல வருடங்களாக இதுதான் வழக்கம். குழந்தைகளுக்குக் கம்பி மத்தாப்போடு சரி. இதற்கு எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடவில்லை, யாரும் அபராதம் வசூலிக்கவில்லை. ஊர் பேசி முடிவெடுத்தது, பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்ந்தார்கள்.

போகிக்கும் இங்கே ஒரு விசேஷம் உண்டு. சென்னைப் பக்கம் போகி என்றால் விடிகாலையில் பழைய பாய், டயர், புகை. 2018 போகியன்று பனியும் புகையும் கலந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடுமாறின. கொங்கு நாட்டில் அந்த நாளின் பெயர் காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு நிலவிலும், மாட்டுக் கட்டுத்தறியிலும், காட்டு மூலையிலும் செருகுவார்கள். எரிப்பது இந்த மண்ணின் பொங்கல் வழக்கத்தில் பெரிய விஷயமே இல்லை. டிவியில் பார்த்தும், ஸ்கூலில் வரைந்தும், டயர் போகி இப்போது இந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கிறது. அது தேவையில்லாத இறக்குமதி.

சிங்கப்பூரில் சீனர்கள் முன்னோர்களுக்காகக் காகிதம் எரித்துப் படைக்கும் மாதம் ஒன்று உண்டு. அடுக்குமாடி வீடுகள் நிறைந்த ஊரில் அதை நிறுத்தச் சொல்லாமல், டவுன் கவுன்சில்களே இரும்புத் தொட்டிகளைக் கொண்டுவந்து வைக்கின்றன. இந்தத் தொட்டியில்தான் எரிக்க வேண்டும், எரித்த பின் சாம்பலை அள்ளுவார்கள். ‘எரிக்காதே’ என்று சொல்வதற்குப் பக்கத்திலேயே ‘அதற்குப் பதில் இங்கே போடு’ என்று கை காட்டுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஊத்துக்குளியில் அந்த இரண்டாவது வாக்கியம்தான் பல இடங்களில் காணோம்.

பேரூராட்சிகளில் ‘வளம் மீட்பு பூங்கா’ என்று பெயர் வைத்து, மக்கும் குப்பையை உரமாக்கி, மக்காததைப் பிரித்து விற்கிறார்கள். வீட்டுக் குப்பைக்கு அது போதும். லைன் வீடுகளில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களின் வாசலுக்கு அந்த வண்டி போகிறதா, போகிற நேரத்தில் ஷிப்ட் முடிந்து யாராவது விழித்திருக்கிறார்களா என்பது தெருவுக்குத் தெரு மாறும். வண்டி வராத லைனில் குப்பை எங்கே போகும் என்பதைச் சுவரில் படிந்த கரியே சொல்லும். வாரத்துக்கு இரண்டு நாள் சாயங்கால வண்டி விட்டாலே பாதி லைன்களில் கரி படிவது நின்றுவிடும். இது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. ஒரு டிரைவரும் கொஞ்சம் டீசலும்தான்.

அக்கம்பக்கத்தில் அபராதத்தைவிட வேகமாக வேலை செய்யும் ஒரு வாக்கியமும் இருக்கிறது. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் புகை கிளம்பினால் இந்தப் பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்து, “ஏனுங்க, கொடியில துணி காயுதுங்க” என்பார்கள். சண்டை இல்லை, சட்டம் இல்லை. ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். நுரையீரல், புற்றுநோய் என்று பேசினால் வாய்ப்பேச்சு வளரும் இடத்தில், வெள்ளை வேட்டியில் கரி படியும் என்ற பேச்சு எடுபடுகிறது. துணி ஊர் அல்லவா!

ஆனால், கொடியே இல்லாத இடங்களில் அந்தக் குரல் கேட்காது. ஜாப் ஒர்க் யூனிட்டின் பின்கட்டு அப்படிப்பட்ட இடம். சனிக்கிழமை சம்பளம் பட்டுவாடா முடிந்து ஷட்டர் இறங்கிய பிறகு, வெள்ளைத் துண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வேஸ்ட் வியாபாரியின் டாடா ஏஸ் கிளம்பிவிடும். தராசில் ஏறாத லைக்ரா துண்டும், எலாஸ்டிக்கும், பிரிண்ட் கெட்டுப்போன பீஸும் நிறைந்த இரண்டு சாக்குகள் மட்டும் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் கொறங்காட்டுப் புல் காய்ந்துகொண்டிருக்கிறது. திங்கட்கிழமை காலைக்குள் அந்தச் சாக்குகளை எடுத்துப் போக ஒரு வண்டி வருமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.